துண்டில் சுற்றிய ஆஸ்கர்

2009 பிப்ரவரி 23, திங்கட்கிழமை, காலை ஏழு மணி. சென்னையில் பால் பொங்குகிற நேரம், பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் கட்டுகிற நேரம். லாஸ் ஏஞ்சல்ஸில் அப்போது முந்தைய நாள் மாலை ஐந்தரை. அங்கே கோடக் அரங்கில் 81-ஆவது ஆஸ்கர் விழா தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருக்க, நான் சட்டையை மாட்டிப் பட்டன்கூடப் போடாமல் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணியைத் தாண்டி ஏ. ஆர். ரஹ்மானின் பெயரைச் சொன்னார்கள். அவர் மேடையேறி, அம்மா இங்கே வந்திருக்கிறார் என்றார். அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்ற என் அம்மா கேட்டது ஒன்றுதான்: "அந்தம்மா எங்கே உக்காந்திருக்காங்க?"

அன்றைக்கு அலுவலகத்துக்குத் தாமதமாகத்தான் போனேன். போன இடத்திலும் வேலை ஓடவில்லை. எல்லாரும் விருதைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அம்மாவின் கேள்விதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

இத்தனை வருடம் கழித்து அந்த இரவை எடுத்து ஆராய்வதற்கு அந்தக் கேள்விதான் காரணம். விருதுக் கணக்கு ஊருக்கே தெரியும். "ஸ்லம்டாக் மில்லியனர்" பத்துப் பரிந்துரை பெற்று எட்டு விருது வாங்கியது. அதில் இரண்டு ரஹ்மானுக்கு: ஒன்று பின்னணி இசைக்கு, இன்னொன்று "ஜெய் ஹோ" பாட்டுக்கு. நான் பார்க்க நினைப்பது வேறு பக்கம். ஒரு மகன் தன் அம்மாவை வெளியே கூட்டிக்கொண்டு போன ஒரு ராத்திரி என்று மட்டும் இதை எடுத்துக்கொண்டால் என்ன தெரிகிறது? நம்மில் பலர் அம்மாவையோ அப்பாவையோ ஏதோ ஒரு நாள் பெரிய ஓட்டலுக்கோ கச்சேரிக்கோ கூட்டிப்போயிருப்போம். ஏசி குளிருக்கு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மெனு அட்டையில் விலைப் பக்கத்தை மட்டும் படித்துக்கொண்டு அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதையே உலகத்தின் ஆகப் பெரிய பளபளப்பில் வைத்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

இந்த விருதை "எதிர்பாராத" வெற்றி என்று சொல்வார்கள். முதலில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் சரிபார்க்க வேண்டும். பிப்ரவரியில் அது அவ்வளவு எதிர்பாராதது கிடையாது. ஜனவரி 11-ஆம் தேதி ரஹ்மானுக்குக் கோல்டன் குளோப் விருது வந்துவிட்டது. பிப்ரவரி 8-ஆம் தேதி லண்டனில் பிரிட்டிஷ் சினிமா விருதான பாஃப்டாவும் வந்துவிட்டது. ஆஸ்கரில் அந்த வருடம் பாட்டுக்கான போட்டிக்கு மூன்றே பாட்டுகள்தான் இறுதிப் பட்டியலில் இருந்தன. மூன்றில் இரண்டு ரஹ்மானுடையவை. பந்தயம் கட்டுகிறவர்கள் எல்லாம் எப்போதோ முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆனால் ஒன்பது மாதம் முன்னால் போய்ப் பாருங்கள். 2008 மே மாதம் அந்தப் படத்தின் அமெரிக்க விநியோக நிறுவனமே மூடப்பட்டது. தியேட்டரைப் பார்க்காமல் நேராக டிவிடியாகப் போய்விடும் என்ற பேச்சு வந்தது. அப்புறம் ஃபாக்ஸ் சர்ச்லைட் என்ற இன்னொரு விநியோக நிறுவனம் கை கொடுத்தது, டொராண்டோ திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது கிடைத்தது, அதிலிருந்து ஒரே ஏறுமுகம். படத்துக்கான இசையை ரஹ்மான் சில வாரங்களில் முடித்துக் கொடுத்திருந்தார். கோடம்பாக்கத்து இசையமைப்பாளருக்கு அது வெளிநாட்டு இயக்குநர் ஒருவர் கேட்டு வந்த இன்னொரு வேலை, அவ்வளவுதான். அந்த 2008 கோடையில் யாராவது ரஹ்மானின் அம்மா கரீமா பேகத்திடம் போய், "அடுத்த பிப்ரவரியில் நீங்க ஹாலிவுட் போகணும்மா, நல்ல சேலையா எடுத்து வைங்க" என்று சொல்லியிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ.

இந்த ஆய்வின் நடு ஆள் அவர்தான். பிறந்தபோது வைத்த பெயர் கஸ்தூரி. கணவர் ஆர். கே. சேகர் மலையாளப் படங்களுக்கு இசையமைத்தவர், பிறர் இசைக்கு வாத்தியக் கோர்ப்பும் வாத்தியக் குழுவை நடத்துகிற வேலையும் செய்து கொடுத்தவர். 1976-இல் 43 வயதில் அவர் இறந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. மொத்தம் நான்கு பிள்ளைகள். வீட்டில் இருந்தவை சேகரின் வாத்தியங்கள். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு அவற்றை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் ஓடியது. எல்லாவற்றையும் விற்றுப் பணத்தை வங்கியில் போட்டு, வட்டியில் சாப்பிடலாமே என்று சொன்னவர்கள் உண்டு. கரீமா விற்கவில்லை. மகன் இருக்கிறான், அவனுக்கு வேண்டும் என்றார். அந்த மகனையும் பதினொன்றாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டு இசைக்கே முழுதாகப் போகவிட்டதும் அவர் முடிவுதான்.

பிறகு 1989. வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு ஒலிப்பதிவு அறை கட்டினார் ரஹ்மான். ஏசி இருந்தது, ஒரு அலமாரி இருந்தது, தரையில் கம்பளம் இருந்தது. கருவிகள் மட்டும் இல்லை, வாங்கப் பணமில்லை. வெறும் கூடாக நின்ற அந்த அறையில் அவர் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அப்போது அம்மா தன் நகைகளை எடுத்துக் கொடுத்தார். அந்த நகைகள்தான் ஃபாஸ்டெக்ஸ் என்ற கம்பெனியின் 16 தட ஒலிப்பதிவுக் கருவியாக வந்து அறைக்குள் உட்கார்ந்தன. தன் எதிர்காலம் கண்ணுக்குத் தெரிந்தது அந்த நொடியில்தான் என்பது ரஹ்மான் சொல்வது.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. எந்த வீட்டிலும் கதை இப்படி நடக்காது. புருஷன் போய்விட்டால் முதலில் விற்கப்படுவது அவருடைய தொழில் சாமான். தையல் மெஷினோ, லேத்தோ, மிருதங்கமோ, யாரோ ஒருவர் வந்து விலை பேசி எடுத்துக்கொண்டு போவார். நகை மட்டும் கடைசிவரை நிற்கும். பொம்பளைப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கேட்கவே வேண்டாம். அடகுக்குப் போனாலும் எப்படியாவது திருப்பிவிட வேண்டும் என்று ராத்தூக்கம் இல்லாமல் அலைவார்கள். இந்த அம்மா தலைகீழாகச் செய்தார். துருப்பிடிக்கிற பெட்டிகளைக் காப்பாற்றினார், தங்கத்தைக் கொடுத்துவிட்டார். எது சொத்து, எது கழியக்கூடியது என்பதில் ஊர்க் கணக்கு ஒன்று, அவர் கணக்கு ஒன்று. என் பார்வையில் கோடக் அரங்கின் இரவு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது, இருபது வருடம் முன்னால்.

சரி, அரங்குக்குப் போவோம்.

மூவாயிரத்துச் சொச்சம் இருக்கைகள் கொண்ட இடம் அது. இன்றைக்கு அதற்கு டால்பி அரங்கு என்று பெயர். போட்டியில் இருப்பவருக்குத் தனக்கு ஒன்று, உடன் வருபவருக்கு ஒன்று என இரண்டு இருக்கை தருவது வழக்கம். அதற்கு மேல் வேண்டுமானால் கேட்டு வாங்க வேண்டும். உடன் வரும் அந்த ஆள் யார் என்பதில்தான் ஹாலிவுட்டில் பாதி வம்பு நடக்கும். காதலி, காதலன், முகவர் என்று பட்டியல் நீளும். அம்மாவையோ அப்பாவையோ கூட்டி வருவதும் அங்கே பழைய வழக்கம்தான். ஆக, அம்மாவோடு வந்த மகன் என்பது அங்கே யாருக்கும் அதிசயமாக இருந்திருக்காது.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. இந்த மாதிரி இரவில் பெரும்பகுதி காத்திருப்பது. சிவப்புக் கம்பளம், பாதுகாப்புச் சோதனை, அப்புறம் மூன்றரை மணி நேர நிகழ்ச்சி. விளம்பர இடைவேளையில் யாராவது எழுந்து போனால் அந்த இருக்கை காலியாகக் கேமராவில் தெரியக்கூடாது என்பதற்காக, கோட்டு சூட்டும் கவுனும் போட்ட ஆட்களைத் தயாராக வைத்திருப்பார்கள். நீங்கள் எழுந்தால் அவர் உட்காருவார், நீங்கள் வந்தால் அவர் எழுந்துகொள்வார். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இடம் பிடிக்கிற ஆட்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, காலி இடத்தை அடைக்கவே ஆள் வைக்கிறார்கள் என்பது சிரிப்பாகத்தான் இருக்கும்.

ரஹ்மான் அன்றைக்கு விருந்தாளி மட்டும் கிடையாது, மேடையில் பாடவும் வேண்டும். மூன்று பாட்டையும் ஒரே கதம்பமாகச் சுருக்கி, பாட்டுக்கு ஒரு நிமிடச் சொச்சம் என்று நேரம் வைத்திருந்தார்கள். அந்தச் சுருக்கம் பிடிக்காமல், மூன்றாவது பாட்டுக்குச் சொந்தக்காரரான பாடகர் பீட்டர் கேப்ரியல் பாட மறுத்துவிட்டார். அவர் பாட்டை ஜான் லெஜண்ட் பாடினார். ரஹ்மானின் இன்னொரு பாட்டில் குரல் கொடுத்திருந்த எம். ஐ. ஏ., அதாவது ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பெண்ணான மாதங்கி அருள்பிரகாசம், சில நாள்களுக்கு முன்தான் பிள்ளை பெற்றிருந்ததால் வரவில்லை. அவரும் அந்த மாதம் புது அம்மா.

நடந்த வரிசையைக் கவனியுங்கள். பின்னணி இசைக்கான விருதை அறிவித்தார்கள், ரஹ்மான் போய் வாங்கினார், பேசினார். உடனே பாட்டுக் கதம்பம், அதில் அவரே பாடினார். அது முடிந்ததும் பாட்டுக்கான விருது, மறுபடி அவர் பெயர். எல்லாம் சில நிமிடங்களுக்குள். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த தாயின் பக்கம் நின்று பார்த்தால், பிள்ளை பரிசு வாங்குகிறான், பாடுகிறான், மறுபடி பரிசு வாங்குகிறான். ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் நடப்பது போல இருக்கிறது. ஆண்டுவிழாவில் அம்மாக்கள் செய்கிற வேலையும் அதுதான். கூட்டத்துக்குள் உட்கார்ந்து, கழுத்தை நீட்டி, நம்ம பிள்ளை எப்போது வருவான் என்று பார்த்துக்கொண்டிருப்பது.

இப்போது பேச்சு. விருது வாங்குகிறவர்களுக்குப் பேச 45 நொடி என்று சொல்லி வைப்பார்கள். மீறினால் வாத்தியக் குழு இசையை ஏற்றி ஆளை இறக்கிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் ரஹ்மான் முதலில் சொன்னது பயத்தைப் பற்றி. வரும் முன்பு ஆர்வமும் நடுக்கமும் சேர்ந்து இருந்தது, கடைசியாக அப்படி இருந்தது என் கல்யாணத்தின்போது என்றார். அரங்கு சிரித்தது. நல்ல நகைச்சுவைதான், ஆனால் அதற்குள்ளும் அம்மா இருக்கிறார். 1995-இல் நடந்த அந்தக் கல்யாணத்துக்குப் பெண் பார்த்து முடிவு செய்தவர் கரீமாதான். மகன் வேலையில் மூழ்கிக் கிடந்தார், தேடுகிற பொறுப்பை அம்மாவிடம் விட்டிருந்தார். ஆக நடுங்கிய இரண்டு தருணத்திலும் பக்கத்தில் நின்றது ஒரே ஆள்.

அடுத்த வாக்கியம்தான் முக்கியம். இந்தியில் "மேரே பாஸ் மா ஹை" என்று ஒரு வசனம் உண்டு, என்னிடம் ஒன்றுமே இல்லாவிட்டாலும் என் அம்மா இருக்கிறார் என்று அர்த்தம் என்று விளக்கிவிட்டு, அம்மா இங்கே இருக்கிறார், அவர் ஆசி என்னோடு இருக்கிறது, இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி என்றார்.

1975-இல் வந்த "தீவார்" படத்து வசனம் அது. எழுதியவர்கள் சலீம்-ஜாவேத். பங்களா இருக்கிறது, கார் இருக்கிறது, வங்கியில் பணம் இருக்கிறது, உன்னிடம் என்ன இருக்கிறது என்று அமிதாப் பச்சன் கேட்பார். சசி கபூர் இந்த ஒரு வரியைச் சொல்வார். எதுவும் இல்லாதவன் எல்லாம் இருப்பவனுக்குச் சொன்ன பதில். ரஹ்மான் அதைச் சொன்னபோது கையில் ஆஸ்கர் இருந்தது, அதாவது எல்லாம் இருப்பவன் பக்கத்தில் நின்றுகொண்டு இல்லாதவனின் வசனத்தைப் பேசினார். மேலோட்டமாகப் பார்த்தால் பொருந்தாது. ஆனால் வெறும் கம்பளமும் ஏசியும் மட்டும் இருந்த அந்தக் கொல்லைப்புற அறையை நினைத்துக்கொண்டால் அட்சரம் பிசகாமல் பொருந்தும். அப்போது அவரிடம் உண்மையிலேயே அம்மாவைத் தவிர எதுவும் இல்லை. அம்மா கழற்றிக் கொடுத்ததுதான் முதல் மூலதனம்.

இன்னொன்றும் நடந்தது. முன்வரிசை நட்சத்திரங்கள் பலருக்கு அந்த வசனம் என்னவென்றே தெரியாது. அதை அவர்களுக்காகச் சொல்லவில்லை என்பது என் எண்ணம். அவர்கள் தலைக்கு மேலாக, பம்பாயிலும் மதராஸிலும் டிவி முன் நிற்கிறவர்களை நோக்கி எறிந்தார். முடிக்கும்போது, எந்த விருது வாங்கினாலும் சொல்வதை இங்கேயும் தமிழில் சொல்கிறேன் என்று "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்றார். எங்கள் வீட்டில் அந்த இடத்தில் என் அம்மா கரண்டியை மேசையில் வைத்துவிட்டார். ஆங்கிலம் ஓடிக்கொண்டிருந்தபோது எனக்குப் பின்னால் நின்றவர், தமிழ் வந்ததும் டிவிக்கு முன்னால் வந்துவிட்டார்.

அதே இரவில் வேறு பெற்றோரும் இருந்தார்கள். அவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இந்த ஆய்வு முழுமையாகாது.

சிறந்த நடிகை விருது கேட் வின்ஸ்லெட்டுக்கு. அதற்கு முன் ஐந்து முறை பரிந்துரை பெற்று ஐந்து முறையும் வெறுங்கையோடு திரும்பியவர். எட்டு வயதில் குளியலறைக் கண்ணாடி முன் ஷாம்பு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு இந்தப் பேச்சை ஒத்திகை பார்த்திருக்கிறேன் என்று ஆரம்பித்தார். பிறகு அம்மாவும் அப்பாவும் இந்த அரங்கில்தான் எங்கேயோ இருக்கிறார்கள் என்று சொல்லி, அப்பா, ஒரு விசில் அடிங்க, எங்கே இருக்கீங்கன்னு தெரியட்டும் என்றார். கூட்டத்துக்குள்ளிருந்து பளிச்சென்று ஒரு விசில் வந்தது. நம்ம ஊர் தியேட்டரில் முதல் நாள் முதல் காட்சியில் கேட்கும் சத்தம் அது, ஆஸ்கரில் கேட்டது. மகள் அந்தத் திசைக்குக் கை காட்டி அன்பைச் சொன்னார். அந்த அப்பாவும் நடிகர்தான், வாய்ப்பு சரியாக அமையாமல் வேறு வேலைகள் பார்த்துக் குடும்பம் நடத்தியவர். அவர் போய்ச் சேராத மேடையில் மகள் நிற்கிறார், அவர் கூட்டத்தில் இருக்கிறார், விசிலால் தன் இடத்தைச் சொல்கிறார்.

என் அம்மா கேட்ட அதே கேள்வியை மேடையில் நின்று வின்ஸ்லெட்டே கேட்டுவிட்டார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சாதாரணக் கேள்வி இல்லை. மேடை விளக்கு முகத்தில் அடிக்கும்போது எதிரே இருப்பது வெறும் இருட்டு. அந்த இருட்டுக்குள் ஒரு புள்ளியைக் கண்டுபிடித்தால்தான் கால் தரையில் நிற்கும்.

துணை நடிகர் விருது ஹீத் லெட்ஜருக்கு. "தி டார்க் நைட்" படத்தின் ஜோக்கர் வேடத்துக்காக. 2008 ஜனவரி 22 அன்று 28 வயதில் அவர் இறந்துபோனார். சரியாக ஒரு வருடம் கழித்து, 2009 ஜனவரி 22 அன்று ஆஸ்கர் பரிந்துரைகள் அறிவிக்கப்பட்டன. ரஹ்மான் பெயரும் அவர் பெயரும் ஒரே நாளில், ஒரே பட்டியலில். விருதை வாங்க ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து அவருடைய அப்பாவும் அம்மாவும் சகோதரியும் வந்திருந்தார்கள். மூவரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பேசினார்கள். மகனின் மூன்று வயதுப் பெண் குழந்தையின் சார்பில் இதை வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். அரங்கில் பலர் அழுதார்கள். பிள்ளை கூட்டிப்போக வேண்டிய இடத்துக்குப் பிள்ளை இல்லாமல் போன பெற்றோர் அவர்கள். அதைப் பற்றி மேலே எழுத எனக்குக் கை வரவில்லை.

மும்பையிலிருந்து வந்த குழந்தைகளும் அன்று அங்கே இருந்தார்கள். படத்தில் சின்ன வயதுப் பாத்திரங்களில் நடித்த, பாந்த்ரா கிழக்கின் கரீப் நகர் குடிசைப் பகுதியைச் சேர்ந்த இருவரையும் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் துணையோடு விமானத்தில் அழைத்து வந்திருந்தார்கள். கோட்டும் கவுனும் போட்டுச் சிவப்புக் கம்பளத்தில் நடந்தார்கள், சிறந்த படத்துக்கான விருதின்போது மேடையிலும் நின்றார்கள். அதே வருடம் மே மாதம் அவர்கள் வீடுகளை அதிகாரிகள் இடித்தார்கள். மூன்றே மாதம். ஜிகினா இரவுகளைப் பற்றிப் பேசும்போது இந்தத் தேதியையும் பக்கத்திலேயே குறித்து வைப்பது நல்லது. ஒரு ராத்திரி எவ்வளவு மின்னினாலும், காலையில் திரும்பிப் போகிற வீடு நிற்க வேண்டும். கரீமா பேகம் திரும்பிப் போன வீடு நின்றது. அது நிற்பதற்கு அவர் இருபது வருடம் முன்பே கொடுத்திருந்தார்.

இனி அந்தச் சிலை. ஆஸ்கர் சிலை சுமார் 34 சென்டிமீட்டர் உயரம், 3.85 கிலோ எடை. பார்த்தால் தங்கம். அந்தக் காலத்துச் சிலையின் உள்ளே இருப்பது பிரிட்டானியா உலோகம், பெரும்பகுதி ஈயத்தின் தம்பியான வெள்ளீயம்தான். மேலே 24 காரட் முலாம். அடகுக் கடைக்காரர் உரைகல்லில் லேசாக ஒரு இழுப்பு இழுத்தால் தேறிவிடும், இரண்டாவது இழுப்பில் குட்டு வெளிப்படும். எடையைத் தங்கமாக எண்ணிப் பார்க்கிற ஆசை யாரை விட்டது? எட்டு கிராம் ஒரு சவரன் என்றால் ஒரு சிலை சுமார் 480 சவரன், இரண்டுக்கும் சுமார் 960. ஆனால் நிஜமாகவே அதே அளவுக்குத் தங்கத்தில் வார்த்தால் ஒரு சிலையே பத்துக் கிலோ தேறும். தூக்கிப் பார்த்துப் பழகிய கைக்கு இந்த வித்தியாசம் புரிந்துவிடும்.

விற்கிற விலை என்ன தெரியுமா? 1950 வாக்கிலிருந்து விருது வாங்குகிற ஒவ்வொருவரும் ஒரு ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். சிலையை விற்பதாக இருந்தால் முதலில் ஆஸ்கரை வழங்கும் அமைப்பான அகாடமிக்கே கொடுக்க வேண்டும். அகாடமி தருவது ஒரு டாலர். 2009 கணக்கில் சுமார் ஐம்பது ரூபாய். உலகத்திலேயே மிகப் பெரிய சினிமாப் பரிசு, மறுவிற்பனையில் ஒரு கிலோ அரிசிக்கும் கொஞ்சம் மேல்.

இதெல்லாம் கரீமாவுக்குத் தெரியாது. வெளிநாட்டில் வாங்கிய விருதுகளை ரஹ்மான் துபாய் வீட்டில் வைத்திருந்தார். அம்மா அவற்றைத் தங்கம் என்று நினைத்து ஒரு துண்டில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார் என்று 2024-இல் ஒரு பேட்டியில் ரஹ்மான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

படித்தபோது நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு துண்டு. வெல்வெட் பெட்டி கிடையாது, கண்ணாடிப் பேழை கிடையாது. நம் வீடுகளில் தங்கத்தை அப்படித்தான் வைப்போம். பழைய வேட்டித் துணியில் முடிந்து, அதை ஒரு மஞ்சள் பையில் போட்டு, அதை அரிசிப் பானைக்குள்ளோ பீரோவில் சேலைகளுக்கு அடியிலோ தள்ளி வைப்பது. திருடன் வந்தால் துணி மூட்டை என்று நினைத்துப் போய்விட வேண்டும். பளபளப்பை மறைத்து வைப்பதுதான் பாதுகாப்பு. உலகமே பார்க்க வேண்டும் என்று செய்யப்பட்ட ஒரு பொருளை, யாரும் பார்த்துவிடக் கூடாது என்று சுற்றி வைத்தார் அந்த அம்மா.

இந்த நிகழ்வில் எனக்குப் பிடிபட்டது இதுதான். பெற்றோரை ஒரு பளபளப்பான இரவுக்குக் கூட்டிப்போகும்போது நாம் அவர்களை நம்முடைய உலகத்துக்குள் இழுத்துவிட்டதாக நினைக்கிறோம். அவர்கள் அப்படி வருவதில்லை. கையில் கிடைத்ததைத் தங்கள் கணக்குப் புத்தகத்தில் வரவு வைத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மகனுக்கு அது அகாடமி விருது. உலகத்துக்கு அது இந்திய இசைக்குக் கிடைத்த அங்கீகாரம். அம்மாவின் புத்தகத்தில் அது தங்கம். 1989-இல் வீட்டை விட்டு வெளியே போன தங்கம் 2009-இல் திரும்பி வந்திருக்கிறது, அதனால் எடுத்து வைத்தார். முதல் தடவை கொடுத்தபோது ஊர் வழக்கத்துக்கு மாறாகச் செய்தவர், திரும்பி வந்தபோது ஊர்வழக்கப்படி மூட்டை கட்டிவிட்டார். கணக்கு முடிந்தவர்கள்தான் அப்படிச் சாவகாசமாக மூட்டை கட்டுவார்கள்.

இதை எதிர்த்தும் வாதம் சொல்லலாம். அந்தத் துண்டுக்கு இவ்வளவு அர்த்தம் ஏற்ற வேண்டுமா, வயதான ஒரு அம்மா தங்கம் என்று தவறாக நினைத்துவிட்டார், அதோடு விஷயம் முடிந்தது என்று. இருக்கலாம். ஆனால் தவறாக நினைப்பதிலும் ஒரு திசை இருக்கிறது. அவர் அதைக் குப்பை என்று நினைக்கவில்லை, பொம்மை என்றும் நினைக்கவில்லை. வாழ்க்கையில் ஒரு தடவை தன் நகையைக் கொடுத்தவர் கண்ணுக்கு, மகன் கொண்டுவந்த மஞ்சள் பொருள் நகையாகத் தெரிந்தது. என் அம்மாவை ஒரு முறை கடற்கரை ஓரத்துப் பெரிய ஓட்டல் ஒன்றுக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனேன். வரும்போது மேசையில் இருந்த சின்னச் சின்னத் தேன் பாட்டில்களை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டார். எனக்கு அப்போது கூச்சமாக இருந்தது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்த இரவிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வரக்கூடியது அது ஒன்றுதான் அவருக்கு அங்கே கிடைத்தது. அந்தத் தேனைத் திறக்கவே இல்லை. வெகுநாள் பீரோவில் இருந்தது.

கரீமா பேகம் 2020 டிசம்பர் 28 அன்று சென்னையில் காலமானார். அதற்குப் பிறகு ரஹ்மான் துபாய் வீட்டுக்குப் போய், துண்டில் இருந்த விருதுகளை எடுத்தார். அங்கே பெண்கள் மட்டுமே வாசிக்கிற ஃபிர்தவ்ஸ் இசைக்குழுவுக்கு அவர் வழிகாட்டி. அதே பெயர் கொண்ட ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு காட்சிப் பேழைக்குள் அவற்றை வரிசையாக நிற்க வைத்தார்.